முத்துப்பேட்டைக்கு நூறு ஸ்டிரிப்

சிங்கப்பூரில் வேலை பார்க்கிற ஒருவன் ஊருக்குக் கிளம்புகிறான் என்று தெரிந்துவிட்டால், கடைசி இரண்டு நாட்கள் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். தைலம், பால் பவுடர், சாக்லேட், யாரோ ஒருவருடைய தங்கச்சிக்குச் சேலை. இந்த முறை எல்லோருக்கும் சாக்குச் சொல்லிவிட்டு ஒரே ஒரு பார்சலை மட்டும் வாங்கிக்கொண்டேன். ரபீக் கொடுத்தது. சட்டைப் பையில் அடங்குகிற இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ரத்தச் சர்க்கரை பார்க்கிற ஸ்டிரிப் ஐம்பது.

நான் செய்தி திருத்துகிற பத்திரிகையில் ரபீக் பக்கம் அமைப்பவர். முத்துப்பேட்டைக்காரர். அவருடைய அத்தா அப்துல் கரீமுக்கு இரண்டு கண்ணிலும் புரை. தஞ்சாவூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இரண்டு முறை ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் சர்க்கரை அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருநூறுக்குக் கீழே வந்தால்தான் செய்ய முடியும் என்பது அங்கிருக்கும் டாக்டரின் கண்டிப்பு.

“வீட்டு மீட்டர்ல ஒவ்வொரு வாரமும் நூத்தி முப்பது. ஆஸ்பத்திரிக்குப் போனா இருநூத்தித் தொண்ணூறு,” என்றார் ரபீக். “ஏதோ ஒண்ணு பொய் சொல்லுது சார். மீட்டரா, ஸ்டிரிப்பா, ஆஸ்பத்திரியான்னு பாத்துட்டு வாங்க. உங்ககிட்டயும் இதே மீட்டர்தானே இருக்கு.”

இருக்கிறது. நான்கு வருடமாக எனக்கும் சர்க்கரை. இரண்டு தகவல்கள் ஒத்துப்போகாவிட்டால் நேரில் போய்ப் பார்ப்பதுதான் எங்கள் தொழிலின் வழக்கம். விடுமுறை மூன்று வாரம். சொந்த ஊர் மன்னார்குடி; முத்துப்பேட்டை அங்கிருந்து ஒரே பஸ். ஒத்துக்கொண்டேன்.

ஒரே பஸ் என்றது உண்மைதான். ஆனால் அது திருத்துறைப்பூண்டி தாண்டியதும் பின் சக்கரம் பஞ்சராகி நின்றது. சிங்கப்பூரில் பஸ் நான்கு நிமிடம் தாமதமானால் நிறுத்தத்தில் நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே இறங்கி வரப்பில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். புரட்டாசி பாதி. சம்பா நடவுக்கு நாற்றங்கால் தயாராக இருந்தது. வாய்க்காலில் முழங்கால் நனைகிற அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. சாலையோரம் மூன்று வகைப் போர்டுகள் அடுத்தடுத்து வந்தன: எஸ்.டி.டி. பூத், குவைத்துக்கும் சவூதிக்கும் ஆள் அனுப்புகிற டிராவல்ஸ், ரத்தப் பரிசோதனை நிலையம். மூன்றாவது வகை நான் கடைசியாக வந்தபோது இவ்வளவு இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு கரீம் பாய் வீட்டை அடைந்தேன். அறுபத்திமூன்று வயது, வெள்ளைச் சட்டை, பச்சைப் பெல்ட், மடித்த கைலி. பினாங்கில் இருபத்திரண்டு வருடம் மளிகைக் கடை வைத்திருந்துவிட்டு வந்து, இப்போது நெல் வாங்கி மில்லுக்குக் கொடுக்கிறார்.

“வாங்க தம்பி. நிழலாத்தான் தெரியிறீங்க. உசரமான ஆளுன்னு மட்டும் புரியுது,” என்றார்.

போன மாதம் சாலை என்று நினைத்து வாய்க்காலில் கால் வைத்துவிட்டார். தண்ணீர் இல்லாததால் முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. நெல்லைக் கையில் கொட்டி நிறம் பார்த்து விலை சொல்லும் தொழில். இரண்டு வருடமாகக் கடித்தும் மோந்தும் சமாளிக்கிறார். இன்னும் தள்ளிப்போட்டால் புரை முற்றி ஆபரேஷனே சிக்கலாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாவது முறையாக ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை.

அவருடைய மனைவி சபுரா தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டு முடித்து, பேசிக்கொண்டே இரண்டு மணி நேரம் போனதும், பாயின் இடது கை நடுவிரலில் குத்தினேன். ஒரே துளியை அவர் மீட்டரிலும் என் மீட்டரிலும் வாங்கினேன். சிங்கப்பூர் மீட்டர் வேறு அளவில் எண் காட்டும்; அதைப் பதினெட்டால் பெருக்கினால்தான் நம் ஊர்க் கணக்கு வரும். ஒன்றில் பதிமூன்று புள்ளி ஏழு. இன்னொன்றில் பதிமூன்று புள்ளி ஒன்பது. நான் பேனாவைத் தேடுவதற்குள் பாய் மனக்கணக்காகச் சொல்லிவிட்டார்.

“இருநூத்தி அம்பது.”

“ரெண்டு மீட்டரும் ஒரே மாதிரிதான் சொல்லுது, பாய். மெஷின் மேல தப்பு இல்ல.”

பாய் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு, எல்லாவற்றுக்கும் விளக்கம் அதுதான் என்பது போலச் சொன்னார்: “இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைதானே தம்பி.”

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சபுராக்கா கதவருகே வந்து நின்றார்.

“வெள்ளிக்கிழமைதான் அவங்களுக்குப் பரீட்சை. ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் புள்ள போன் பண்ணி நம்பர் கேப்பான். அதனால வியாழக்கிழமை பூரா மோரும் ரெண்டு ரஸ்க்கும். வெள்ளி காலையில குத்திப் பாத்தா நூத்தி முப்பது. சனிக்கிழமை இவங்க திங்கிற இடியாப்பத்த எண்ணிப் பாருங்க.”

“நீ சும்மா இரு,” என்றார் பாய். குரலில் கோபம் இல்லை. “புள்ள அங்க தனியாக் கெடக்கான். கெட்ட நம்பரைச் சொல்லி அவன் தூக்கத்தையும் கெடுக்கணுமா?”

ஆஸ்பத்திரி நாள் இரண்டு முறையும் புதனாக அமைந்துவிட்டது. பட்டினிக்கு முந்தின நாள். பொய் சொன்னது மீட்டரும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் உண்மையைக் கேட்டால் அந்த ஒரு நாள் குளித்துச் சீவி வந்து நிற்கத்தான் செய்யும். எங்கள் அலுவலகத்துக்கு அமைச்சர் வருகிற அன்று மட்டும் குப்பைத் தொட்டி காலியாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் அங்கேயே தங்கிவிட்டேன். புதன்கிழமை ஒரு நோட்டு வாங்கினோம். பாயின் கண்ணுக்கு எழுத்து தெரியாததால் சபுராக்கா எழுதுவதாக ஏற்பாடு. என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு. மூன்றே கட்டம். மாத்திரையில் நான் கை வைக்கவில்லை. உள்ளூர் டாக்டரிடம் கேட்டதற்கு, இதே மாத்திரை, சாப்பாட்டைப் பாருங்கள், வாரம் ஒருமுறை நோட்டோடு வாருங்கள் என்றார்.

முதல் வரி: இடியாப்பம் ஐந்து, தேங்காய்ப்பால், ஆட்டுக்கறி. காலை எட்டு மணி. பத்து மணிக்கு இருநூற்று எழுபத்துநான்கு.

பாய் உண்மையாகவே அதிர்ந்துபோனார். “ஆறு மாசமா நான் சோறே தொடுறது இல்லியே தம்பி. மத்தியானம் அரிசி ரொட்டி, சாயங்காலம் மாவுல இறால் வச்சுச் சுட்ட வாடா, ராத்திரி ஆப்பம். சோத்துப் பருக்கைய கண்ணால பாத்து ஆறு மாசம் ஆச்சு.”

“இந்த மாவெல்லாம் எங்கேருந்து வருது?” என்று சபுராக்காவைக் கேட்டேன்.

“பச்சரிசிய ஊறவச்சு மில்லுல குடுத்து அரைக்கிறதுதான்.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

பாய் நெற்றியில் தட்டிக்கொண்டார். “ஆயிரம் கலம் நெல்லு வாங்கி வித்த ஆளு,” என்றார் பாய் கடைசியில். “இது என் மண்டையில ஏறல பாருங்க.”

இந்தத் தவறைச் செய்ய நெல் விளைகிற ஊரில்தான் பிறக்க வேண்டும். இங்கே சோறு என்றால் பானையில் வெந்து இறங்குவது மட்டும்தான். அதே அரிசி அரைபட்டு, பிழியப்பட்டு, சுடப்பட்டு வந்தால் அதற்குப் பலகாரம் என்று பெயர், கணக்கில் வராது. சிங்கப்பூரில் நானும் முதல் வருடம் சோற்றை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் தோசை சாப்பிட்டவன். பாயிடம் அதைச் சொன்னபோது அவருக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது.

வியாழக்கிழமை அவரைப் பட்டினி கிடக்க விடவில்லை. முத்துப்பேட்டையில் சர்க்கரைக்காரன் கஷ்டப்படத் தேவையே இல்லை. காயல் தண்ணீரில் பிடித்த மடவை மீனும் கொடுவா மீனும் காலை ஏழு மணிக்கே தெருவில் வந்துவிடுகின்றன. இரண்டு இடியாப்பம், அதைப் போல மூன்று பங்கு மீன் குழம்பும் அவரைக்காயும். நூற்று எண்பத்தேழு. பாய் அந்த எண்ணை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, சாப்பிட்டு, காத்திருந்து குத்தினோம். பத்து புள்ளி ஒன்பது. நூற்றுத் தொண்ணூற்றாறு. உடனே போன் அடித்தது. பாய் ரிசீவரை எடுத்து சலாம் சொன்னார், சாப்பாட்டை விசாரித்தார், சிங்கப்பூரில் மழையா என்று கேட்டார். எண்ணைக் கேட்டதும் என் பக்கம் திரும்பினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

“நூத்தித் தொண்ணூத்தாறு. சாப்பிட்டப்புறம்,” என்றார். பிறகு ஒரே மூச்சில், “இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் பட்டினி கெடந்து சொன்னது. சார்கிட்ட கேட்டுக்க,” என்று ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டார்.

மறுமுனையில் ரபீக் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. “இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் அந்த நூறு ஸ்டிரிப்பை மூணு மாசத்துக்கு முன்னாடியே அனுப்பியிருப்பேனே,” என்றார்.

சனிக்கிழமை பாயின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நானும் போனேன். இந்தப் பக்கத்து முஸ்லிம் கல்யாண விருந்தில் தனித்தனி இலை கிடையாது. சஹன் என்கிற பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து நடுவில் வைப்பார்கள். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து அதிலிருந்தே சாப்பிட வேண்டும். நல்ல கறித்துண்டைத் தன் பக்கத்திலிருந்து அடுத்தவர் பக்கம் தள்ளுவது மரியாதை. தட்டில் மிச்சம் வைப்பது மரியாதை இல்லை. இப்படி ஒரு சாப்பாட்டில் ஒரு மனிதன் எவ்வளவு சாப்பிட்டான் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

“ஒரு பிடிதான் தின்னேன்,” என்றார் பாய், கை கழுவும்போது.

“முப்பத்தி நாலு பிடி, பாய்.”

“எண்ணுனீங்களா?”

“எண்ணினேன்.”

“கல்யாண வீட்டுல வந்து இப்படி ஒரு வேலையா,” என்று அலுத்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் கழித்து இருநூற்று அறுபத்தாறு. எனக்கும் அன்று நல்ல எண் வரவில்லை. நான் பிடிகளை எண்ணியது அவருடையதை மட்டும்தான்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டில் வலிமா விருந்து. போகாமல் இருக்க முடியாது. காலையிலிருந்து பாய் யோசனையாகவே இருந்தார். பந்தலில் நுழைந்ததும் நேராக உட்காரப் போகாமல், வருகிறவர்களைக் குரலால் அடையாளம் கண்டு விசாரித்துக்கொண்டு நின்றார். கடைசியில் இரண்டு பேரைப் பிடித்தார். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இன்னொருவர் தையல்காரர். இருவருக்கும் சர்க்கரை. எங்கள் இருவரையும் சேர்த்து நான்கு. ஒரு சஹன்.

“சோறு ஒரு அகப்பை போதும்,” என்று பரிமாறுகிறவரிடம் சொன்னார் பாய். “கறி, கத்திரிக்காய், வெள்ளரிக்கா எவ்வளவு வேணும்னாலும் வை.”

“நாலு ஆளுக்கு ஒரு அகப்பையா? மாப்பிள்ள வீட்டுக்காரங்க பாத்தா என்னை வெட்டிருவாங்க கரீம் காக்கா.”

“நாங்க நாலு பேரும் சீனி வியாபாரிங்கன்னு சொல்லு,” என்றார் தலைமையாசிரியர்.

“இது என்ன சஹன், ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு,” என்று பக்கத்துத் தட்டிலிருந்து ஒருவர் கேட்டார். ஆனால் அவரும் எங்கள் வெள்ளரிக்காயை எட்டி எடுத்துக்கொண்டார்.

ஒரு அகப்பைச் சோற்றில் ஆளுக்குக் கால்வாசி. நடுவில் விரலால் கோடு போட்டு நான்காகப் பிரித்துவிட்டார் தையல்காரர். துணி வெட்டுகிற கை, கோணல் இல்லை. சாப்பிட்டு எழுந்தபோது பசி இல்லை. இரண்டு மணி நேரம் பந்தலில் பேசிக்கொண்டிருந்துவிட்டு நால்வரும் விரல் நீட்டினோம். பாய்க்கு நூற்று எழுபத்துமூன்று. இதைப் பார்த்த மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தடுப்பதற்குள் பதினொரு ஸ்டிரிப் போய்விட்டது. அதில் இரண்டு பேருக்குத் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். அவர்களை மறுநாளே டாக்டரிடம் போகச் சொன்னோம்.

நான் மன்னார்குடிக்குத் திரும்பினேன். இடையில் ஒரு வாரம் போனில் எண்களைக் கேட்டேன். நல்லதும் கெட்டதுமாக வந்தன. ஒரு நாள் இருநூற்றுப் பத்து, காரணத்தையும் அவரே சொன்னார்: “வாடா மூணு. உங்ககிட்ட மறைக்கல.”

ஆஸ்பத்திரி நாளுக்கு முந்தின மாலை மறுபடி முத்துப்பேட்டைக்குப் போனேன். புதன்கிழமை அதிகாலை மூன்று பேரும் தஞ்சாவூர் பஸ் ஏறினோம். பாய் மாத்திரை போட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தார். பதினொரு மணிக்குள் பதிவு. கணக்குப்படி ஒன்பதரைக்குப் போய்ச் சேர வேண்டும். மன்னார்குடி தாண்டி ஒரு பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. முன்னால் பத்து பன்னிரண்டு வண்டிகள். கடைமடைக்குத் தண்ணீர் விடச் சொல்லி விவசாயிகள் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“அவங்க சொல்றது நியாயம்தான்,” என்றார் பாய். அவருக்கும் அந்தத் தண்ணீரில்தான் பிழைப்பு. ஆனால் மணி ஒன்பது ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று. அவர் பேச்சு குறைந்தது. நெற்றியில் வியர்வை. கை லேசாக நடுங்கியது.

“பயமா பாய்?”

“பயம் இல்ல தம்பி. உள்ள என்னமோ வெலவெலன்னு வருது.”

சீட்டிலேயே வைத்துக் குத்தினேன். நான்கு புள்ளி ஒன்று. எழுபத்துநான்கு. வாழ்க்கையில் அவர் அந்த எண்ணைப் பார்த்ததில்லை. இரண்டு வாரம் கட்டுப்பாடாகச் சாப்பிட்டவருக்கு, அதே பழைய அளவு மாத்திரை இப்போது வேகமாக வேலை செய்திருந்தது. பக்கத்தில் நின்ற கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

“பஸ்ஸுலயே ரத்தம் எடுக்கறீங்களா? நம்பர் என்ன வந்துச்சு?”

“ரொம்ப இறங்கிருச்சு. சர்க்கரை போட்ட டீ ஒண்ணு உடனே வேணும்.”

கண்டக்டர் இறங்கி மறியல்காரர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தவரிடமே ஒரு கிளாஸ் வாங்கி வந்தார். பாய் அதை வாங்கவில்லை.

“இதக் குடிச்சா அங்க போய் ஏறிக்கிரும். மறுபடியும் திருப்பி அனுப்புவாங்க. மூணாவது தடவ.”

“குடிக்கலைன்னா நீங்க அங்க போய்ச் சேர மாட்டீங்க. இறங்குனாலும் ஆபத்துதான் பாய். அரை கிளாஸ் குடிங்க, கால் மணி நேரம் கழிச்சுப் பாப்போம்.”

சபுராக்கா கிளாஸை வாங்கி அவர் வாயருகே வைத்தார். அரை கிளாஸ் குடித்தார். கால் மணி நேரம் நாங்கள் மூவரும் கண்டக்டரும் கடிகாரத்தைப் பார்த்தோம். ஐந்து புள்ளி ஆறு. நூற்று ஒன்று. நடுக்கம் நின்றது. டப்பாவில் இருந்த சுண்டலை ஒரு கைப்பிடி சாப்பிடவைத்தோம். “எங்கப்பாவுக்கும் இது மாதிரி வேர்க்கும். வயசானதுன்னு விட்டுட்டோம்,” என்றார் கண்டக்டர். மீட்டரின் பெயரை டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்.

யாரோ அதிகாரி வந்து பேசி, சாலை திறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது மணி பதினொன்றரை. பதிவு முடிந்துவிட்டது என்றார் ஜன்னலில் இருந்த பெண். சபுராக்கா நோட்டை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினார். இரண்டு வாரம், நாற்பத்தைந்து வரிகள். அந்தப் பெண் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கூட ஒரு நர்ஸ் இருந்தார்.

“வெறும் வயிறா?” என்று கேட்டார் நர்ஸ், பாயின் விரலைத் துடைத்துக்கொண்டே.

“இல்லம்மா. விடியக்காலம் ரெண்டு இட்லி. ஒம்பதே முக்காலுக்கு அரை கிளாஸ் சர்க்கரை டீ. பத்து மணிக்கு ஒரு கைப்பிடி சுண்டல்.”

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு விவரம் அவர் எதிர்பார்க்கவில்லை. மீட்டர் சத்தம் கொடுத்தது. நூற்று அறுபத்திரண்டு.

உள்ளே இருந்த டாக்டர் நோட்டைப் படித்தார். பஸ்ஸில் சர்க்கரை இறங்கிய கதையைக் கேட்டார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்து எழுதினார். இருநூறைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “மத்தியானம் முதல் கேஸ் இவர்,” என்று மட்டும் நர்ஸிடம் சொன்னார். வலது கண்.

அன்றிரவு நான் பஸ் நிலையத்துக்கு அருகே லாட்ஜில் தங்கினேன். காலை எட்டு மணிக்குப் போனபோது கண் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் மூன்று விரலைக் காட்டினார். மூன்று என்றார் பாய். கொஞ்சம் தள்ளிப் போய் இரண்டைக் காட்டினார். இரண்டு என்றார். சபுராக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்து, “உசரம் அவ்வளவு இல்லியே தம்பி,” என்றார்.

பிறகு தன் இடது கையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விரல் நுனிகளில் இரண்டு வாரத்து ஊசிப் புள்ளிகள், கருத்துப்போய், நெருக்கமாக. அவற்றை அவர் அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறார். ஒவ்வொரு விரலாகத் திருப்பி நிதானமாகப் பார்த்தார்.

“இன்னொரு கண்ணுக்கு ஒரு மாசம் ஆகும்,” என்றார் நர்ஸ். “அதுவரைக்கும் இதே மாதிரி வச்சிருக்கணும்.”

பாய் இடது கையை மடியில் வைத்துவிட்டு வலது கையை நீட்டினார். அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

“அதுக்கு இந்தக் கை இருக்கும்மா,” என்றார்.